மிக்ஸியோடு வந்த சபை

மக்கா,

இன்று காலை பதினொன்று நாற்பத்திரண்டுக்குச் செய்தி வந்தது. போனில் பதிவாகியிருக்கிற நேரம் அது. கடைச் சுவரில் பழுதுக்கு வந்து தொங்குகிற நான்கு கடிகாரங்களும் ஆளுக்கொரு நேரம் காட்டியதால் அவற்றை நான் நம்பவில்லை. ஒரு கிரைண்டரைச் சரித்துப் போட்டு அடித்தட்டின் மூன்றாவது ஸ்குரூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வெளியூர்த் தமிழில் ஒரு பெண் பேசினார். வேதாகமக் கல்லூரி அலுவலகமாம். "உங்க பையனுக்கு இடம் கிடைச்சிருக்கு சார். பெற்றோர் சம்மதக் கடிதம் மட்டும் இன்னும் வரல. வெள்ளிக்கிழமைக்குள்ள வரலைன்னா இடம் அடுத்தவங்களுக்குப் போயிடும்" என்றார். "சரி" என்றேன். "உங்களுக்குச் சந்தோஷம்தானே சார்?" என்று கேட்டார். அதற்கும் "சரி" என்றேன். பிறகு நான்காவது ஸ்குரூவைக் கழற்றினேன்.

கிரைண்டரை மாட்டி முடிக்கும்போதுதான் விஷயம் எனக்குள் இறங்கியது. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த என் மகன், என்னோடு கடையில் உட்காருவான் அல்லது வளைகுடாவுக்குப் போவான் என்று நான் நினைத்திருந்த மகன், பாஸ்டர் ஆகப் போகிறான். போன மாதம் வேலைக்கு இன்டர்வியூ என்று சொல்லிவிட்டு நீ போனாயே, அன்று உன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தவன் நான். பம்பு கம்பெனி இன்டர்வியூவுக்கு ஒருவன் எதற்காகப் பைபிளைப் பைக்குள் வைக்கிறான் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். பதினோரு மாதமாக நான் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. நீ அதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டாய்.

இந்தக் கடிதத்தை நான் ஒட்டப்போவதில்லை. சாப்பாட்டு மேசையில் விரித்தே வைப்பேன். நம் வீட்டுக்கு வருகிறவர்கள் எப்படியும் படித்துவிடுவார்கள். சபையார் எல்லோரும் படிக்கட்டும். அவர்களில் சிலர் படித்தே ஆக வேண்டும். யார் யார் என்று பிறகு சொல்கிறேன்.

நீ பாட்டாவைப் பார்த்து இந்த முடிவுக்கு வந்திருப்பாய். ஆனால் நீ பார்த்தது முழங்கால் முட்டுவலி வந்த பிறகான பாட்டாவை. நான் பார்த்தது முட்டு நன்றாக இருந்த காலத்து என் அப்பாவை. அது வேறு ஆள். முப்பத்தைந்து வருடம் ஒரே சபையில் ஊழியம் செய்த அந்த மனிதர் வீட்டில் சேர்ந்தாற்போல மூன்று மணி நேரம் இருந்து நான் கண்டதில்லை. காலையில் ஒருவருக்கு முதியோர் ஓய்வூதிய மனு எழுதுவார். மதியம் அண்ணன் தம்பி வரப்புச் சண்டைக்கு நடுவில் நிற்பார். சாயங்காலம் ரத்தம் கொடுக்க ஆள் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவார். தேங்காப்பட்டணத்திலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவர் காலை ஒடித்துக்கொண்டபோது அவருக்குத் துணையாகப் பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தார். அந்தப் பன்னிரண்டு நாளில் எனக்கு அம்மைக் கொப்புளம் போட்டு, வற்றி, உதிர்ந்தும் போனது. திரும்பி வந்தவர் என்னைப் பார்த்து, "மெலிஞ்சு போனியே மக்கா, ஒழுங்கா சாப்பிடதில்லியா?" என்று கேட்டார்.

வீட்டில் இருந்த சாமான் எதுவும் எங்களுடையது இல்லை. குடை, குத்துப்போணிப் பாத்திரம், பந்திப்பாய் எல்லாம் ஊரில் சுற்றிக்கொண்டிருக்கும். அவற்றில் முக்கியமானது ஒரு இரும்புக் கட்டில். தலைப்பக்கம் தூக்கி வைக்கிற மாதிரியான கட்டில். யாரோ மிஷன் ஆஸ்பத்திரிக்காரர் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. ஊரில் யாருக்கு உடம்பு முடியாமல் போனாலும் அது கிளம்பிவிடும். நோயாளி போய்ச் சேர்ந்ததும் கட்டில் வீட்டுக்குத் திரும்பி வரும். உன் பாட்டி அதைத் தொடமாட்டாள். பாட்டா டெட்டால் போட்டுத் துடைத்து, "நல்ல கட்டில், சும்மா கெடக்கப்பிடாது" என்று என்னை அதில் படுக்க வைப்பார். எனக்குத் தெரிந்து ஆறு பேர் அதில்தான் உயிரை விட்டார்கள். அதில் படுத்து உயிரோடு எழுந்தவன் நான் ஒருவன்தான். பன்னிரண்டு வயதில், அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டுதான் நான் ஒரு தீர்மானம் எடுத்தேன்: நான் பாஸ்டர் ஆகமாட்டேன், என் வீட்டிலும் யாரையும் ஆகவிடமாட்டேன். மனுஷர்களோடு பாடுபடுவதைவிட மோட்டாரோடு பாடுபடலாம் என்று பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் சேர்ந்தேன். மோட்டார் பொய் சொல்லாது. வாசலில் வந்து உட்கார்ந்து மருமகளைப் பற்றிக் குறை சொல்லாது.

ஆனாலும் ஒருமுறை ஊழியத்தில் என் படிப்பை நுழைத்துப் பார்த்தேன். உனக்கு அப்போது ஐந்து வயது, நினைவிருக்காது. நம்முடையது பாப்டிஸ்டு சபை. ஞானஸ்நானம் என்று குழந்தைத் தலையில் தண்ணீர் தெளிக்கிற வழக்கம் நமக்கு இல்லை. வளர்ந்த ஆள் தானாகக் கேட்டு வந்து, தண்ணீருக்குள் முழுதாக முங்கி எழ வேண்டும்; பழைய மனுஷன் செத்துப் புது மனுஷன் எழும்புகிறான் என்று அர்த்தம். அதற்குப் பேச்சிப்பாறை அணையிலிருந்து வருகிற சானல் கால்வாய்தான் நமக்கு ஆதாரம். ஒரு ஈஸ்டர் சமயம் முறை வைத்து ஷட்டரை அடைத்துவிட்டார்கள். வெள்ளை உடுத்த ஒன்பது பேரைக் கூட்டிக்கொண்டு பாட்டா காய்ந்த சானலுக்குள் இரண்டு கிலோமீட்டர் நடந்தார், முங்குகிற அளவுக்கு எங்காவது தண்ணீர் கிடக்காதா என்று. கடைசியில் ஒரு எருமை எழுந்து போன இடத்தில் முழங்கால் அளவு கிடைத்தது. எருமைக்காரன் கரையில் நின்று, "பாஸ்டரே, அதுக்குள்ள முங்கினா இருக்கப்பட்ட சுத்தமும் போயிரும்" என்று சொன்னான்.

அந்த வருடம் நான் விடுமுறைக்கு வந்திருந்தேன். வளைகுடாவில் பெரிய பெரிய கட்டடங்களுக்கு ஏசி போட்டவன் இல்லையா, எனக்கு எல்லாமே எளிதாகத் தெரிந்தது. கோயிலுக்குள்ளேயே, பிரசங்க மேடைக்கு முன்னால் தரையைத் தோண்டி ஒரு தொட்டி கட்டினேன். எட்டடி நீளம், ஐந்தடி அகலம், நாலடி ஆழம். அரை குதிரைச்சக்தி மோட்டார். மேலே பலகை மூடி. எல்லாம் என் வரைபடம். அடுத்த ஞானஸ்நானத்தன்று, பார்க்க நிறைவாக இருக்கட்டுமே என்று, விளிம்புக்கு ஒரு அங்குலம் குறைய நிரப்பி வைத்தேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது. முதல் ஆள் ரப்பர் வெட்டுகிற ராசமணி. நூற்றுப்பத்து கிலோ. கூடவே பாட்டாவும் இறங்கினார். தொட்டிக்கு எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று கணக்குப் போட்டவன், அதற்குள் ஆட்கள் இறங்குவார்கள் என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

பாட்டா ராசமணியைத் தண்ணீருக்குள் சாய்த்ததும் தொட்டி பொங்கித் தரைக்கு வந்தது. தரையில் கீபோர்டுக்கும் மைக்குக்கும் நான் இழுத்துப் போட்ட எக்ஸ்டென்ஷன் போர்டு. தண்ணீர் அதை நோக்கிப் போவதைப் பார்த்த நான், இருந்த தொண்டையெல்லாம் கூட்டி, "யாரும் அசையாதீங்க!" என்று கத்திக்கொண்டு மெயின் சுவிட்சுக்கு ஓடினேன். யாரும் அசையவில்லை. பாட்டாவும் அசையவில்லை. ராசமணியைப் பிடித்து முக்கியபடி அப்படியே நின்றார். நான் மெயினை அணைத்துத் திரும்பிப் பார்த்தபோது தண்ணீருக்கு மேலே இரண்டு கால்கள் உதைத்துக்கொண்டிருந்தன. முன்வரிசையில் யாரோ, "விடுங்க பாஸ்டரே, அவனுக்க பெண்டாட்டி இஞ்ச இருக்கா" என்று அலறினார்கள். ராசமணி மேலே வந்து, இருமி, தலையைத் துடைத்து, "பழைய மனுஷன் செத்தது உறுதி பாஸ்டரே. இன்னும் ரெண்டு நிமிஷம் விட்டிருந்தா புது மனுஷனும் கூடப் போயிருப்பான்" என்றான். உன் அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உன்னையும் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். வெளியே போய்ச் சிரித்த சத்தம் உள்ளே எல்லோருக்கும் கேட்டது. அதற்குப் பிறகு நான் எந்தக் கணக்கைப் போட்டாலும், "ஆளு இறங்கும், அதைச் சேத்தீங்களா?" என்று கேட்பாள்.

அவளுடைய காய்ச்சலையும் நான் மோட்டாரைப் பார்ப்பது போலத்தான் பார்த்தேன். இன்ன டெஸ்ட், இன்ன மருந்து, இத்தனை நாள், சரியாகிவிடும் என்று ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதி வைத்திருந்தேன். கட்டம் முடிவதற்கு முன்னால் அவள் போய்விட்டாள். நாற்பது வயது, பதினோரு மாதம் ஆகிறது. அதைப் பற்றி எனக்கு இவ்வளவுதான் எழுத வருகிறது.

அடக்கத்தன்று நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் நாம் அதைப் பேசியதே இல்லை. எத்தனையோ பேரைத் தாள் இல்லாமல் அடக்கம் செய்த பாட்டா, அன்று ஜிப்பாப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, கண்ணாடியைப் போட்டு, "ஐயா, எங்கள் தெருவில் குடிநீர்க் குழாய் உடைந்து" என்று வாசிக்க ஆரம்பித்தார். யாருக்கோ எழுதி வைத்திருந்த மனு. "பலமுறை முறையிட்டும் பயனில்லை" என்பதுவரை வாசித்துவிட்டுத்தான் நிறுத்தினார். அதற்குள் இரண்டு பேர் ஆமென் சொல்லிவிட்டார்கள். அந்த ஆமென் சரியான இடத்தில்தான் விழுந்தது என்று இப்போது தோன்றுகிறது. அன்று எனக்கு எதுவும் தோன்றவில்லை. ஒலிபெருக்கியில் இரைச்சல் வருகிறது, எர்த் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

பிறகு ஆறுதல் சொல்ல வந்தார்கள். வந்தார்கள் வந்தார்கள், வந்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் மட்டி வாழைப்பழம். ஒரு கட்டத்தில் வீட்டில் பதினான்கு சீப்பு இருந்தது. நம் வீட்டில் இருந்தது இரண்டு பேர். உட்காருவார்கள், பாடுவார்கள், நீளமாக ஜெபிப்பார்கள், "எப்பிடிடே இருக்கே?" என்பார்கள். "சரி" என்பேன். பதினெட்டாம் நாள் பக்கத்துத் தெரு ஆட்கள் ஜெபித்துக்கொண்டிருந்தபோது மின்விசிறி முனகி முனகி நின்றது. நான் எழுந்து, ஸ்டூலைப் போட்டு ஏறி, அதைக் கழற்றி, "கண்டென்சர் போச்சு. கடையில இருக்கு, எடுத்துட்டு வந்து மாத்தீரலாம்" என்றேன். ஜெபம் பாதியில் நின்றது. பதினெட்டு நாளில் நான் பேசிய முதல் முழு வாக்கியம் அது என்று அப்போது எனக்குத் தெரியாது. நீ கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய் என்றும் தெரியாது.

மறுநாள் சபைக் கிழவி தாசம்மை வந்தாள். கையில் பழம் இல்லை, மிக்ஸி இருந்தது. வைத்துவிட்டு, "ஓடல்லே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஊரிலேயே அதிகம் பேசுகிற அவள் அப்படிப் போனதே அதிசயம். அதன் பிறகு தொடர்ந்து வந்தன: மிக்ஸி, கிரைண்டர், டேபிள் ஃபேன், இஸ்திரிப் பெட்டி, ராசமணியின் எமர்ஜென்சி லைட். நான் கடையைத் திறந்தேன். திறக்காமல் வைக்க இடம் இல்லை. காலையில் போய் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை கை ஓடும். கை ஓடினால் தலை நிற்கும். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

ஆனால் நான் படித்தவன் மக்கா. பழுதைப் பார்த்தால் அது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். தாசம்மையின் மிக்ஸி வயர் தேய்ந்து அறுந்ததில்லை. ஒரே வெட்டு, பலாப்பழம் வெட்டிய பிசின்கூட அதில் ஒட்டியிருந்தது. ஒரு கிரைண்டரில் பியூஸ் எரியவே இல்லை, பியூஸையே காணோம். ராசமணியின் லைட்டில் பேட்டரி தலைகீழ். ஒரு டீச்சர் கொண்டுவந்த ரேடியோவில் எந்தக் கேடும் கிடையாது. அவர் கொண்டுவரும் வழியிலேயே அது பாடிக்கொண்டு வந்தது. எலி என்று நினைத்தேன். பிறகு ஊருக்கே மூளை கலங்கிவிட்டது என்று நினைத்தேன். கடைசியில், இது பாட்டா செய்கிற வேலை, பிரசங்கத்தில் அறிவிப்பே கொடுத்திருப்பார் என்று முடிவுசெய்தேன். கோயிலுக்குப் போயிருந்தால் தெரிந்திருக்கும். நான்தான் போகவில்லையே.

அதனால் இன்று கல்லூரிக்காரப் பெண் பேசியதும் எனக்கு வந்த கோபம் எல்லாம் பாட்டா பேரில்தான் வந்தது. பதினோரு மாதத்தில் முதல்முறையாகக் கோபம் வந்தது. கடையைப் பூட்டிவிட்டு நேரே போனேன். அவர் முட்டில் வலிக்குத் தைலக் குழம்பு தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே தாசம்மை, வழக்கம்போல மருமகளைப் பற்றி விண்ணப்பம் வைத்துக்கொண்டிருந்தாள்.

"பேரனப் பிடிச்சுப் போட்டாச்சு, இல்லியா?" என்றேன்.

"ஆரு, நானா?"

"நடிக்காண்டாம்ப்பா. கல்லூரியில இருந்து போன் வந்தாச்சு."

"கெடச்சிட்டா?" என்று எழுந்திருக்கப் பார்த்தார். முட்டு விடவில்லை, உட்கார்ந்துவிட்டார். "மக்கா, பாஸ்டருக்க சிபாரிசு கேட்டு எனக்கிட்ட வந்தான். ரெண்டு வட்டம் மாட்டேன்னு சொன்னேன். அப்பனக் கேட்டுட்டு வாலேன்னு சொன்னேன். 'அப்பாக்கிட்ட எங்ஙன கேக்க, என்ன சொன்னாலும் சரிங்காரு'ன்னான். மூணாவது வட்டம் அழுதான். எழுதிக் கொடுத்தேன். தப்புன்னா சொல்லு."

"ஊருல உள்ள மிக்ஸியெல்லாம் எனக்க கடைக்கு அனுப்பினதும் தப்புதான்."

"மிக்ஸியா? அது நானில்லடே."

அப்போதுதான் தாசம்மை சிரித்தாள். "அட மண்டா. படிச்சு என்ன பிரயோஜனம்? எனக்க மிக்ஸிக்கு ஒரு கேடும் இல்லே. ஒனக்க மவன்தான் வீடு வீடா வந்து சொன்னான், 'பாட்டீ, அப்பாக்கிட்ட போயி ஜெபம் ஒண்ணும் பண்ணாண்டாம். வல்லதும் ஓடாத்த சாமான் இருந்தா கொண்டு போங்க'ன்னு. எனக்க வீட்டுல எல்லாம் ஓடுது. நல்லா ஓடப்பட்டத நான் எங்ஙன நிறுத்த? வெட்டுக்கத்தி எடுத்தேன், ஒரு போடு. எனக்க மருமவ அண்ணைக்குத் தேங்கா அரைக்க ஆட்டுக்கல்லுல இருந்தா. அதுவும் ஒரு சந்தோஷம்."

நான் அவள் பக்கம் திரும்பினேன். "அவன் எப்பம் வருவான் ஒங்க வீட்டுக்கு?"

"பாஸ்டருக்கு முட்டு வந்த நாளுல இருந்து அவன்தானே வீடு பாக்க வாறான். ஜெபம் ரெம்பக் குறைவு, ஒண்ணரை நிமிஷத்துல ஆமென் போட்டிருவான், அதை நீ சொல்லிக்கொடுக்கணும். ஆனா இருப்பான். எனக்க அடுக்களையில இருந்துதான் அவனுக்க அம்மைய நெனச்சு அழுவான். அழுது தீந்ததும், மரச்சீனிக் கெழங்கு தோலு பொளிச்சுத் தந்துட்டுப் போவான்."

பாட்டா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நானும் ரெண்டு வட்டம் ஒனக்க கடை வாசல் வரைக்கும் வந்தேன் மக்கா. எத்தனை சாவு வீட்டுல பேசியிருக்கேன். ஒனக்கிட்ட என்ன சொல்லதுன்னு தெரியல்லே. எனக்கிட்ட ஓடாத்த சாமானும் ஒண்ணும் இல்லே. திரும்பிப் போனேன்."

மக்கா, வீட்டுக்கு வந்து உட்கார்ந்து முதலில் நான் எழுதியது சம்மதமில்லை என்ற கடிதம். காரணங்களை வரிசையாக எழுதினேன். உன் பிள்ளைக்கு அம்மை போடும்போது நீ வேறொருவன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பாய் என்று எழுதினேன். நீ கட்டிக்கொண்டு வருகிற பெண் பதினைந்து பேருக்குத் தேநீர் போட்டுவிட்டுப் பால் இல்லாமல் நிற்பாள் என்று எழுதினேன். எல்லாமே உண்மை. பிறகு, பாஸ்டர் ஆகாத அப்பனான நான் உனக்கு என்ன செய்தேன் என்று யோசித்தேன். பதினோரு மாதம் நீ என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாய். நீ அழுதாயா என்று நான் கேட்கவில்லை. நீ அழுவதற்கு இன்னொரு வீட்டு அடுக்களை தேட வேண்டியிருந்தது. அதே நேரத்தில், அப்பனுக்கு எது வேண்டும் என்று கண்டுபிடித்து, அதை ஒரு வார்த்தைகூட வெளியே விடாமல் ஊரையே நடத்தியிருக்கிறாய். இதைக் கல்லூரியில் போய்ப் படிக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. ஆனாலும் போய்ப் படி.

அந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். நான்கே வரி. கையெழுத்துப் போட்டு, படம் எடுத்து, அந்த அலுவலகத்துக்கு அனுப்பியாகிவிட்டது. மூலத்தாளை நாளைக் காலைத் தபாலில் சேர்ப்பேன். அந்தப் பெண் "நன்றி சார்" என்று பதில் போட்டார். இந்த முறை நான் "சரி" என்று போடவில்லை. "சந்தோஷம்" என்று போட்டேன். போட்ட பிறகு அது பொய்யா என்று பார்த்தேன். முழுப் பொய் இல்லை.

போகிறவனுக்குச் சில சொல்ல வேண்டும். கிழவிகளுக்கு ஜெபம் ஐந்து நிமிஷமாவது வேண்டும்; மருமகள் பெயரை அதில் சேர்க்காதே. ஒரே நாளில் நான்கு வீட்டில் சாப்பிட நேர்ந்தால் முதல் வீட்டில் குறைவாகச் சாப்பிடு, காலையிலேயே கோபித்துக்கொள்ள அவர்களுக்குத் தெம்பு இருக்காது. அடக்கத்துக்குப் போகும் முன் பையில் இருக்கிற தாளை ஒருமுறை விரித்துப் பார். உனக்குப் பிள்ளை பிறந்தால் அதன் கட்டிலை யாருக்கும் கொடுக்காதே. கேட்டால் என்னிடம் அனுப்பு, நான் வேறு செய்து தருகிறேன். யாராவது பேசாமல் உட்கார்ந்திருந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது உனக்கே தெரியும்.

வயரை வெட்டியவர்கள், பியூஸைப் பிடுங்கியவர்கள் எல்லோருக்கும் என் வணக்கம். எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டேன். இனி ஓடுவதை ஓட விடுங்கள்.

சபையில் நாளை நடக்கிற கல்யாணத்துக்குப் பூ சொல்ல நீ இன்று தோவாளைப் பூச்சந்தைக்குப் போயிருக்கிறாய். ஐந்து மணி பஸ்ஸில் திருவட்டாறு வந்து இறங்குவாய். நான் சந்திக்கு வந்து நிற்கிறேன். அங்கிருந்து வீட்டுக்கு நடக்க இருபது நிமிஷம் ஆகும். பஸ்ஸை விட்டு இறங்கியதும் உன் அம்மாவைப் பற்றி நான் பேச ஆரம்பிப்பேன். எங்கே தொடங்குவது என்று இன்னும் தெரியவில்லை. எனக்கு வராவிட்டால் நீ தொடங்குவாய்; வீட்டுக்கு வந்து நீ இதைப் படிக்கும்போது அது நடந்து முடிந்திருக்கும். நான் சம்மதித்த விஷயம் அதற்குள் ஊரில் பரவி மூன்று பேர் போனில் கூப்பிட்டாகிவிட்டது. நான்காவதாக ராசமணி, லைட் மறுபடியும் எரியவில்லையாம். எரியாமலே கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். போனை அணைத்துவிட்டேன்.